மவுஸ் கைக்கு வராத வருஷம்

பத்தாவது படித்தபோது எங்கள் பள்ளி லேபில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எனக்கு வாய்த்த இரண்டு பேரும் பையன்கள். ஒருவன் மவுஸைப் பிடித்தால் லேசில் விடமாட்டான். அவன் விட்டால் அடுத்தவன். புத்தகத்தைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று படித்துச் சொல்வதும், டைப் அடிப்பதும் என் வேலை.

"எனக்கு ஒரு வாட்டி குடுங்கடா."

"இருடி, நீ எதையாவது அமுக்கி அழிச்சிடுவ."

அடேயப்பா, பெரிய என்ஜினியர்! வந்த எரிச்சலில் ஒரு நாள் கீபோர்டைக் கண்டபடி தட்டினேன். ஆல்ட் பட்டனில் கை பட்டதும் திரையின் மேல்வரிசை முழுக்கக் குட்டிக் குட்டி எழுத்துகள் முளைத்தன.

"இன்னாடி பண்ண? இன்னாமோ வந்துகீது!" என்று மவுஸ்காரன் பதறினான். எனக்குப் புரிந்துவிட்டது. எந்த எழுத்தை அமுக்கினால் எந்த வேலை நடக்கும் என்று அதுவே சொல்கிறது, மவுஸே வேண்டாம். அதன் பிறகு இன்னும் என்னென்ன பட்டன் இருக்கிறது என்று அம்மாவின் போனில் தேடி, ஊருக்குப் போகும் குருவிநத்தம் பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். இவன்கள் மவுஸுக்கு அடித்துக்கொள்ளும் நேரத்தில் ஒவ்வொன்றாக நைசாகத் தட்டிப் பார்த்துக்கொள்வேன்.

பதினொன்றில் கம்ப்யூட்டர் குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். சீட்டோ கொஞ்சம், கேட்டவர்கள் அதிகம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்துகாட்டுகிறவர்களுக்குத்தான் சீட்டு என்று கம்ப்யூட்டர் சார் சொல்லிவிட்டார்.

டெஸ்ட் அன்று ஆளுக்கொரு கம்ப்யூட்டர். எக்செல்லில் மதிப்பெண் பட்டியல் அடித்து, கூட்டி, அதற்கு வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும். முதல்முறையாக மவுஸ் எனக்கே எனக்கு. பிடித்தால், அம்புக்குறி ஒரு பக்கம் ஓடுகிறது, நான் ஒரு பக்கம் இழுக்கிறேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், நான் மவுஸைத் திட்டினேன். பக்கத்தில் எல்லோரும் மளமளவென்று செய்துகொண்டிருந்தார்கள். சீட்டு போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் சீச்சீ என்று அந்த மவுஸைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டேன். மதிப்பெண்களை அடித்தேன், கூட்டல் போட்டேன்.

சார் வந்து நின்றார். "மவுஸ் ஒர்க் ஆவலியா?"

"ஆவுது சார். எனக்குத்தான் புடிக்கத் தெரியல."

சொல்லிக்கொண்டே எஃப் லெவன் பட்டனைத் தட்டினேன். திரை நிறைய வரைபடம் வந்து நின்றது.

"இன்னொரு வாட்டி செய்." செய்தேன், முன்னைவிட வேகமாக. சார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். என் மவுஸ்காரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"குரூப் உனக்குத்தான். ஆனா வருஷம் பூரா லேபுக்கு வந்துட்டு மவுஸ் புடிக்கத் தெரியலன்னா எப்படிம்மா? உனக்குக் குடுக்கலன்னா எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

வாயை மூடிக்கொண்டு சீட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நீங்க பாத்துக்கினுதான சார் இருந்தீங்க?"

சார் முகம் சுருங்கிப்போனது. கொடுத்த சீட்டைப் பிடுங்கிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார்.

மறுவாரம் லேபைத் தாண்டிப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி மவுஸைப் பிடித்து உட்கார்ந்திருக்க, பக்கத்திலிருந்த பையன் புத்தகத்தைப் பார்த்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.