கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னால் ஒரு சாமி

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டிசம்பர் மாதம் நடந்தது இது. அப்போது கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் என்ற இரட்டைக் கைமேளம் வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று சுற்றிய எங்களுக்கு, மவுண்ட் ரோடு பக்கம் வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய ஓட்டல் ஒன்றில் வாசிக்க வாய்ப்பு வந்தது. ஒரு கம்பெனி தன் ஊழியர் குடும்பங்களுக்குக் கொடுத்த கிறிஸ்துமஸ் காக்டெயில் பார்ட்டி. பிள்ளைகளே, காக்டெயில் பார்ட்டி என்றால் பெரியவர்கள் கையில் மதுக் கோப்பையோடு நின்றபடியே பேசிச் சிரிக்கும் விருந்து. இது நன்றாக அமைந்தால் புத்தாண்டுக்கும் நாங்கள்தான் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி நடந்தால் எங்கள் குழு எங்கேயோ போய்விடும்!

ஆனால் நான் அந்த வருடம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். என் பெரிய மகள் டைபாய்டில் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால். மதுவைத் தொடப்போவதில்லை, தொழில்தானே என்று, எனக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியும் அனுமதி கொடுத்துவிட்டார்.

ஹால் வாசலிலேயே கோட் போட்ட சூப்பர்வைசர் தடுத்தார். ஷூ இல்லாமல் உள்ளே விட முடியாதாம். எங்கள் குழுத் தலைவர் என்னை ஓரமாக இழுத்தார்.

"இன்னா சாமி, ஒரு நாள் ஷூ போட்டா அய்யப்பன் கோச்சிக்குவாரா? என் ஷூவ வேணா கயட்டித் தரேன்."

"அது மட்டும் முடியாதுண்ணே. பொண்ணுக்காகப் போட்டது."

"அப்ப எங்க பொயப்பு? பாங்கோஸ் இல்லாம பாட்டு சாவு வூட்டு ஒப்பாரியாட்டம் இருக்கும்யா!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூப்பர்வைசர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகில் குனிந்தார். "நானும் மாலை போட்டிருக்கேன் சாமி. கோட்டுக்குள்ள இருக்கு. வேலைக்காக ஷூ போடறேன், வீட்டுக்குப் போனதும் கால் கழுவிடறேன். இந்தப் பக்கம் வாங்க."

மேடையை ஒட்டி, கூரையைத் தொடும் உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம். அதன் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, மைக்கையும் வைத்துவிட்டார்!

பாட்டு ஆரம்பித்ததும் எனக்குத் திக்கென்றது. தலைவர் கை காட்டினால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். இங்கே ஜரிகையும் பஞ்சும்தான் தெரிந்தன. அப்போதுதான் கவனித்தேன்: மேடையும் அதை ஒட்டிய தரையும் பழைய மரப்பலகை. தலைவர் ஷூவால் தட்டும் தாளம் பலகை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் என்ன, வெளுத்து வாங்கினேன்! மரமே வாசிக்கிறது என்று குழந்தைகள் அதைச் சுற்றி ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதில் ஒரு குட்டிப்பெண் கிளைக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

"டாடி! ட்ரீக்குப் பின்னாடி கிறிஸ்துமஸ் தாத்தா ஒக்காந்திருக்காரு! ஆனா தாடி கறுப்பா இருக்கு!"

அவள் அப்பாதான் விருந்து கொடுத்த கம்பெனி முதலாளி. கையில் கோப்பையோடு வந்து கிளையை விலக்கினார். பாட்டு நின்றது. ஹாலே என்னைப் பார்த்தது. சூப்பர்வைசர் முகம் வெளுத்துவிட்டது. என்னால் அவர் வேலையும் போகப்போகிறது, குழுவின் வாய்ப்பும் போகப்போகிறது என்று நினைத்தேன்.

முதலாளி என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு திரும்பிப்போய், கோப்பையைத் தூரத்து மேசையில் வைத்துவிட்டு, கைக்குட்டையால் விரல்களை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சாமி, கை குடுக்கலாமா?"

கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருந்தவர் அவர். என் கையைப் பிடித்து அழைத்துப்போய், மேடை நடுவில் உட்காரவைத்தார். "இவரை ஏம்ப்பா ஒளிச்சு வச்சீங்க? நல்ல யோசனைதான், ஆனா நாங்களும் பார்க்கணுமே!" என்று சூப்பர்வைசர் தோளில் தட்டினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. வெறுங்காலோடு அன்று நான் வாசித்த வாசிப்பு, அதற்குப் பிறகு எனக்கே வரவில்லை.

புத்தாண்டுக்கும் நாங்களே வாசித்தோம். ஆனால் எனக்குள் தங்கிப்போனது கைதட்டல் அல்ல, மேசையில் வைக்கப்பட்ட அந்தக் கோப்பைதான். வேறு வழக்கம் உள்ள ஒருவர் என் எதிரே வந்து நின்றால், என் கையில் இருப்பதை முதலில் கீழே வைக்கும்படி இன்றுவரை அது எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.