சேறு விழுங்காத நீராழி

காவாந்தண்டலத்து வேதகிரிக்கு இரண்டு உழவு. பகலில் டிராக்டரை இறக்கி ஊரார் கழனிகளில் நடவுக்குச் சேறு கலக்கிச் சேடை ஓட்டுவான். பொழுது சாய்ந்தால் வெள்ளி கிரகத்தை உழுவான்.

டிராக்டர் சீட்டில் இருக்கும்வரை அவன் ராஜா. இரும்புக் கேஜ் வீல் சேற்றை வாரி இறைக்க, கொக்குக் கூட்டம் பின்னால் வர, வரப்பில் ஒரு பிடி மண் சரியாமல் வண்டியைத் திருப்புவான். இறங்கினால் ஆள் சுருங்கிப்போவான். டீக்கடையில் வாய் திறந்து ‘ஒரு டீ’ என்பதற்குள் பின்னால் வந்தவன் குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்திருப்பான். முப்பத்திரண்டு வயதாகியும் நாலு பேர் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் அவன் பேசியதில்லை.

அப்படிப்பட்டவன் கதைசொல்லியானது ஒரு பொய்யால்தான்.

நடவுக்காரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் அவனும் உண்டு. எந்தக் கழனியில் சேடை முடிந்தது, காலையில் எங்கே போய் இறங்க வேண்டும் என்று அவன்தான் சொல்ல வேண்டும். போன வருஷம் மானாம்பதி பக்கம் ஒரு கழனியில் வண்டி அச்சுவரைக்கும் இறங்கிவிட்டது. இழுக்க இன்னொரு வண்டி வரும்வரை வேதகிரி சேற்றுக்கு நடுவே சீட்டின்மேல் குந்திக்கொண்டிருந்தான். குரூப்பில் நடவுக்காரிகளின் தலைவி ராணியம்மாளின் குரல் வெடித்தது.

“எங்கடா கீற? காலைல எந்தக் கழனில எறங்கறதுன்னு தெரியாம பத்துப் பொம்பளைங்க காத்துக்கினு கீறோம். இன்னா பேஜாரு இது?”

வண்டியைச் சேற்றில் விட்டுவிட்டேன் என்று எந்த டிராக்டர்காரனாவது சொல்வானா? மேற்கே புளியமரத்துக்கு மேலே வெள்ளி முளைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனை வாயருகே வைத்தான்.

“அத்த, வெள்ளி கிரகத்துல மாட்டிக்கினேன். கழனி ஓட்டிக்கினு இருந்தேனா, மேகம் ஒண்ணு கீய எறங்கி வண்டியோட தூக்கினு வந்துட்ச்சி. இங்க எங்க பாத்தாலும் சேறு. ஆகாசத்துல உடும்பு பறக்குது...”

இழுக்க ஆள் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தான். தனியாக, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினால் தனக்குள் இத்தனை வார்த்தை இருக்கிறதா என்று அவனுக்கே ஆச்சரியம். மறுநாள் திட்டு விழும் என்று பயந்து போனவனிடம் ராணியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்த உடும்பு கடிச்சிதா இல்லியா?”

அன்றிலிருந்து வாரம் தவறாமல் ‘வெள்ளிச் சீமை’ வந்தது. வேலை முடிந்து ஓடைக்கரைப் புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசி அனுப்புவான். மறுநாள் நடவில் ராணியம்மாள் தன் போனை ஒரு காலி எவர்சில்வர் குண்டானுக்குள் நிறுத்தி வரப்பில் வைப்பாள். குண்டான் குரலை இரண்டு மடங்காக்கும். குனிந்த முதுகுகளுக்கு மேலே வெள்ளிச் சீமையின் மழை பெய்யும்.

கதையின் நாயகன் மாறன், பூமியிலிருந்து போன டிராக்டர்காரன். அவனை வேட்டையாடுகிறவன் மஞ்சள் மேகத்தில் கோட்டை கட்டியிருக்கிற கந்தகராசன். அவனைக் காப்பாற்றுகிறவள் நீராழி. சதுப்பு நாட்டு ஜனங்கள் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவி.

கேட்கிறவர்கள் சும்மா கேட்கவில்லை. மூத்தவள் சொக்கம்மாள், “ஏண்டா, அங்க டீசலுக்கு இன்னா பண்றான்?” என்று மடக்க, அடுத்த வாரமே வெள்ளியில் எண்ணெய் ஒழுகும் பேய்ப்புங்க மரம் முளைத்தது. பாதியில் காலேஜை விட்ட சரசு, “கூகுள்ல பாத்தேன். அங்க தண்ணியே கிடையாதாம், அடுப்பு மாதிரி கொதிக்குமாம்” என்றாள்.

“கூகுளு நேர்ல போயிட்டு வந்துச்சா?” என்று சொக்கம்மாள் கேட்டாள். “நம்ம பையன் போயிட்டு வந்துகீறான்.”

நீராழி இடது கைக்காரி. வாளைச் சுழற்றுவதும், உடும்பின் கடிவாளத்தைப் பிடிப்பதும், கந்தகராசனின் கன்னத்தில் அறைந்ததும் இடது கையால்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நடவுக் கூட்டத்தில் இடது கையால் நடுகிறவள் ஒருத்திதான். பிரபா. மற்றவர்களோடு முழங்கை இடிக்கும் என்று அவளை எப்போதும் வரப்போரம் கடைசியில் நிறுத்துவார்கள். இடது கையால் அவள் நாற்றை எடுத்துச் சேற்றில் வைக்கிற வேகம், தண்ணீரில் மீன் துள்ளி மறைகிற மாதிரி இருக்கும். வேதகிரி அவளிடம் நேரில் பேசியது மொத்தமும் ‘தண்ணி கட்டியாச்சி’, ‘தண்ணி வடிச்சாச்சி’. மிச்சம் எல்லாவற்றையும் வெள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. ‘டிராக்டர்காரரே’ என்பாள். அதற்கே அவன் வண்டி இரண்டு முறை அணைந்திருக்கிறது.

இந்தத் தை மாசம் நவரைப் பட்டத்து நடவுக்கு அவனுடைய சொந்தக் கழனியின் முறை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பெருநகர் ரோட்டில் வந்துகொண்டிருந்தவன், பிரபா வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்பதைப் பார்த்தான். உள்ளே பட்டுப்புடவைகள், சிரிப்புச் சத்தம். செய்யாறு பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். டீ வாங்கினான், குடிக்கவில்லை. புங்க மரத்தடிக்கு வந்து போனை எடுத்தான்.

அன்று நீராழி ஒரு சேற்றுக்குழியில் கால் வைத்தாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. மாறன் கரையில் வாய் பேசாமல் நின்றான். கடைசியாக அந்த இடது கையும் உள்ளே போனது. “சேறு மூடிக்கிச்சி. வெள்ளிச் சீமை கதை இத்தோட முடிஞ்சிபோச்சி. கேட்டவங்களுக்கு நன்றி.”

அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டான்.

காலையில் அவன் கழனிக்குப் போனபோது நாற்று முடிகள் வரப்பில் பச்சையாகக் குவிந்திருந்தன. நடவுக்காரிகளும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருத்தி காலும் சேற்றில் இல்லை. பிரபா கடைசியில், வழக்கமான இடத்தில், தலைத் துண்டை இழுத்து முகத்தில் பாதியை மறைத்திருந்தாள்.

“எறங்கலியா அத்த?”

“எதுக்கு எறங்கணும்?” என்றாள் ராணியம்மாள். “சேத்துல எறங்குனா சாவறாங்களாமே. நேத்து ஒருத்தன் சொன்னான்.”

“அத்த, வெயில் ஏறுது. நாத்து வாடிப்பூடும்.”

“வாடட்டும். எங்க பொண்ணே பூட்டா, நாத்து இன்னா பெருசு?”

சொக்கம்மாள் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நிஜமாகவே அழுதிருந்தாள். “ராத்திரி சோறே எறங்கலடா பாவி. ஏண்டா கொன்ன அவள?”

“கதைதான...”

“கதைதானன்னா, உயிரோட எழுப்பு. கதைதான?” என்றாள் சரசு.

வேதகிரி சட்டைப் பையில் போனைத் தேடினான். “சாயந்தரம் பேசி அனுப்பறேன்.”

“போன உள்ள வை. இங்கயே வாயால சொல்லு. சொன்னாத்தான் எறங்குவோம்.”

பத்து ஜோடிக் கண்கள். புங்க மரம் இல்லை, சீட் இல்லை, பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இல்லை. “நீராழி... அந்தக் குழியில...” என்று ஆரம்பித்தான். “கழுத்து வரிக்கும்...” கை மறுபடி சட்டைப் பைக்குப் போனது.

“கழுத்து வரிக்கும் எந்தச் சேறுடா முழுங்கும்?” சொக்கம்மாள் விடவில்லை. “புத்தி தெரிஞ்ச நாளா சேத்துலதான் நிக்கறேன். என்ன முழுங்குச்சா?”

“அவனுக்கு இன்னா தெரியும் யக்கா?” சரசு சிரித்தாள். “வண்டி மேல குந்திக்கினு போறவன். வண்டிதான் முழுவும். அந்தப் பயத்த எடுத்துக் கதையில வெச்சிட்டான்.”

உண்மை. எத்தனையோ ஏக்கர் சேற்றைக் கலக்கியிருக்கிறான். மானாம்பதிக்குப் பிறகு ஒருநாளும் வெறுங்காலோடு சேற்றில் நின்றதில்லை.

“எறங்குடா” என்றாள் ராணியம்மாள். “எறங்கி நின்னு சொல்லு.”

செருப்பைக் கழற்றினான். வாய்க்கால் மூலையில் கால் வைத்தான். அவனே இரண்டு முறை திருப்பித் திருப்பி ஓட்டிய மூலை அது, மற்ற இடத்தைவிட ஆழம். வலது கால் முட்டிக்குமேல் போனது. பதறி இழுத்தான். இழுக்க இழுக்க இடது காலும் போனது. கைகளை வீசினான். வரப்பில் எழுந்த சிரிப்பு கொக்குகளைக் கிளப்பிவிட்டது.

“இழுக்காதீங்க டிராக்டர்காரரே.”

பிரபா எழுந்து நின்றிருந்தாள்.

“இழுத்தா இன்னும் கவ்வும். குதிகால ஆட்டுங்க, தண்ணி உள்ள போவும். ஒடம்ப பின்னாடி சாச்சி, வெயிட்ட பரப்பி வுடுங்க. அது தானா வுட்டுடும்.” துண்டை முகத்திலிருந்து விலக்கினாள். “நீராழி அதத்தான் பண்ணியிருப்பா. சதுப்பு நாட்டுல பொறந்தவளுக்கு இது தெரியாதா?”

வேதகிரி குதிகாலை ஆட்டினான். சாய்ந்தான். கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்து, தொப்பென்று சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கால் மட்டும் மேலே வந்தது. சேறு வெதுவெதுப்பாக இருந்தது. பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி, அவளைப் பார்த்தே பேசினான்.

“சரி, பொழச்சிக்கினா. ஆனா முந்தின நாளு அவளக் கூட்டினு போவ வெள்ளை மேகத்துல யாரோ வந்தாங்களே? அது இன்னா ஆச்சி?”

சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். இது வெள்ளி கிரகத்துக் கேள்வி இல்லை என்று சொக்கம்மாளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

பிரபா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். ஒரு நாற்று முடியை எடுத்துப் பிரித்தபடி, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

“வந்தாங்க. பஜ்ஜி துன்னாங்க. நீராழி காபி குடுத்தா. பீச்சாங்கைல குடுத்துட்டாளாம், அந்த அம்மா மூஞ்சி இப்பிடிப் போச்சி. கல்யாணத்துக்குள்ள கைய மாத்திக்கச் சொல்லுங்கன்னாங்க.”

“அப்புறம்?”

“கை இதான், இதுலதான் சோறு சம்பாதிக்கறேன்னு சொன்னா. போயிட்டு வாங்கன்னு அந்தக் கையாலயே டாட்டா காட்டுனா. மேகம் போயிட்ச்சி.”

ராணியம்மாள் போட்ட குலவையில் அடுத்த கழனியில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். “எறங்குங்கடி!” என்று அவள் கத்த, அத்தனை பேரும் தபதபவென்று சேற்றில் இறங்கினார்கள்.

அன்று குண்டான் காலியாகவே வரப்பில் கிடந்தது. இடுப்புவரை சேறு பூசிய வேதகிரி வரப்பில் முன்னும் பின்னும் நடந்து, கை வீசிக் கதை சொன்னான். குழியிலிருந்து எழுந்து வந்த நீராழிக்குத் தலைமுதல் கால்வரை சேறு. கந்தகராசனின் மஞ்சள் மழை அவள்மேல் பட்டும் சுடவில்லை, சேறே கவசம். உடும்புப்படை சிதறி ஓடியது. மேகக்கோட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. நடவுக்காரிகள் பின்னால் பின்னால் நகர, அவர்களுக்கு முன்னே கழனி பச்சையாகிக்கொண்டே வந்தது.

“மாறன் என்னாடா பண்ணிக்கினு இருந்தான் இத்தன நேரம்?” என்றாள் சொக்கம்மாள்.

“நின்னுக்கினு இருந்தான்.”

“மாடு மாதிரி?”

“மாடு மாதிரிதான்.” வேதகிரி ஒரு மூச்சு விட்டான். “அப்புறம் அவகிட்ட போனான். எங்க ஊருன்னு ஒண்ணு கீது, அங்கயும் சேறுதான், ஆனா ஒன் கைய மாத்தச் சொல்ல ஒருத்தரும் இல்லன்னான்...”

அதோடு நின்றுவிட்டான். நடவுக்காரிகள் நிமிர்ந்தார்கள். பிரபா மட்டும் நிமிரவில்லை. அவள் காதோரம் ஒரு பொட்டுச் சேறு காய்ந்துகொண்டிருந்தது.

“டிராக்டர்காரரே” என்றாள். “நாத்து முடி தீந்துபோச்சி. ஒண்ணு எடுத்து வீசுங்க.”

வீசினான். குறி தவறி உயரமாகப் போனது. அவள் பார்க்காமலே இடது கையை நீட்டிப் பிடித்தாள்.

சாயங்காலம் வழக்கம்போல் புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். போனை எடுத்தபோது குரூப்பில் ஏற்கெனவே ஒரு குரல் வந்து உட்கார்ந்திருந்தது. அவனுடையது அல்ல. அழுத்தினான்.

“வெள்ளிச் சீமைலருந்து நீராழி பேசறேன். மாறனுக்கு ஒரு சேதி. எங்க நைனா வர ஞாயித்துக்கெழம வூட்லதான் இருப்பாரு. பஜ்ஜி போடறோம். உங்க அம்மாவக் கூட்டினு வாங்க. காபி எந்தக் கைல வரும்னு அவங்ககிட்ட மொதல்லயே சொல்லிடுங்க. அப்புறம், கால நல்லா கழுவினு வாங்க. வூடு மொழுகிகீது.”

பின்னால் சரசு சிரிக்கிற சத்தமும் அதில் விழுந்திருந்தது. கீழே சொக்கம்மாள் அனுப்பியிருந்த பத்துப் பதினைந்து பூக்கள். அதற்கும் கீழே ராணியம்மாள்: “டேய், அந்த உடும்ப கூட்டினு வராத.”

மேற்கே வெள்ளி தன் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. வேதகிரி பதில் சொல்லப் போனை வாயருகே கொண்டுபோனான். தனியாகத்தான் இருந்தான், யார் முகமும் எதிரே இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை வரவில்லை. சிரிப்பு மட்டும்தான் வந்தது. அதை அப்படியே அனுப்பிவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலே கியரைப் போட்டான்.