எழுந்து நின்றால் கேட்கும் ஓசை

ஸ்டெதஸ்கோப் முதல் முறை கைக்கு வரும் நாளில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: காதில் மாட்டிச் சொந்த நெஞ்சில் வைத்துப் பார்ப்பது. எங்கள் வகுப்பில் ஒருவன் தன் இதயம் நின்றுவிட்டது என்று பதறினான். வட்டின் பக்கத்தை மாற்றிப் பிடித்திருந்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒருவர் மட்டும் தன் புது ஸ்டெதஸ்கோப்பை நாற்காலி முதுகில் தொங்கவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருந்தார். வகுப்பிலேயே மூத்தவர். பட்டம் வாங்கிய பிறகு மருந்துக் கடையில் பல வருடம் நின்றவர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். எல்லோருக்கும் அவர் அக்கா. கொஞ்ச நாளில் அது தோப்புக்கரணம் அக்கா என்று நீண்டது. அதற்குக் காரணம் இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் படித்தது ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் முதுகலை. நோயாளியை முதலில் பார்ப்பது, விசாரிப்பது, தொட்டுத் தட்டிக் கேட்டுச் சோதிப்பது, கண்டதை டாக்டரிடம் சொல்வது, அவர் மேற்பார்வையில் வைத்தியம் செய்வது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்தப் படிப்பு என்னவென்று அப்பாவுக்குப் புரியவைக்க நான் படாத பாடு பட்டேன். டாக்டரா என்றார், இல்லை என்றேன். நர்ஸா என்றார், அதுவும் இல்லை என்றேன். இரண்டும் இல்லாததற்கு ஏன் இவ்வளவு தடிப் புத்தகம் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

முதல் வருடம் லேபில் ரப்பர் பொம்மை ஒன்று படுத்திருக்கும். அதன் நெஞ்சுக்குள் ஒலிப்பெருக்கி. விரிவுரையாளர் பொத்தானை அழுத்தினால் விதவிதமான இதயங்கள் துடிக்கும். வால்வு சுருங்கியது, வால்வு கசிவது, சுவர் தடித்தது. எல்லாம் நிஜ மனிதர்களிடமிருந்து எப்போதோ பதிவு செய்தவை. ஒருநாள் அக்கா கை தூக்கி, இவர்களெல்லாம் இப்போது இருக்கிறார்களா என்று கேட்டார். விரிவுரையாளர் அடுத்த பொத்தானை அழுத்தினார். தெரியவில்லை, அடுத்ததைக் கேளுங்கள் என்றார். அதன் பிறகு அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு, ஆளில்லாத வீட்டுக்குள் சொல்லாமல் நுழைவது போலிருந்தது.

பொம்மையை விட்டால் நாங்களேதான் ஒருவருக்கொருவர் நோயாளிகள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, திரைக்குப் பின்னால் ஒருவர் படுக்க மற்றவர் சோதிக்க வேண்டும். கேட்டதை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. இளவட்டங்களின் நெஞ்சில் என்ன கேட்டுவிடப் போகிறது? ஸ்டெதஸ்கோப் தோலைத் தொடும் முன்பே "நார்மல்" என்று வாய் சொல்லிவிடும். அது எங்கள் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்ட வியாதி.

எனக்கு ஜோடி அக்கா. அவர் ஒருமுறைகூடப் படுத்ததில்லை. தனக்கு இன்னும் பழக்கம் போதவில்லை என்பார், குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்பார், என்னைத் தள்ளிப் படுக்க வைத்துவிடுவார். எனக்கும் வசதிதான், கண்ணை மூடிக் கிடக்கலாம். ஆனால் அவர் சும்மா விடமாட்டார். படுக்கவைத்துக் கேட்பார், உட்காரவைத்துக் கேட்பார், பிறகு தரையில் குந்தச் சொல்லி எழுப்பிக் கேட்பார். நான் எழும்போது அவர் கண்கள் சுவரில் எதையோ தேடும். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகம் தளரும். புத்தகத்தில் அந்த முறை இருக்கிறது. ஆனால் எவரும் செய்வதில்லை. தோப்புக்கரணம் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இரண்டாம் வருடம் மருத்துவமனைப் போஸ்டிங். புறநோயாளிப் பிரிவில் அக்காவின் வரிசை மட்டும் நகராது. முட்டி வலி என்று வந்த பெரியவரையும் குந்தச் சொல்லிவிட்டார். பெரியவர் நேராக டாக்டரிடம் போய், "சார், மருந்து தராட்டிப் பரவாயில்ல, இந்தம்மா தண்டனை குடுக்குது" என்றார். டாக்டர் எல்லோர் முன்னாலும் அக்காவைத் திட்டினார். 

அன்று மத்தியானம் கேன்டீனில், ஆறிப்போன டீயைச் சுற்றிச் சுற்றி ஆட்டியபடி அக்கா தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். கால்பந்து ஆடுபவன். அணியில் சேரும் முன் மருத்துவச் சோதனை நடந்தது. எங்களைப் போல ஓர் அசிஸ்டென்ட்தான் பார்த்தார். படுக்கவைத்துக் கேட்டு, நார்மல் என்று சொல்லி அனுப்பினார். சில மாதங்களில், பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவன் விழுந்தான், எழவில்லை. இதயச் சுவர் உள்ளுக்குள் தடித்திருந்ததாம். சிலருக்கு அந்தத் தடிப்பின் ஓசை படுத்திருக்கும்போது பதுங்கிவிடும், குந்தி எழுந்தால்தான் வெளியே வரும். பரம்பரையாக வருவது, கூடப் பிறந்தவர்களும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அப்போ பாப்பா வயித்துல. இந்த நேரத்துல எதுக்குன்னு விட்டேன். அப்புறம் விட்டது விட்டதுதான்."

பாப்பாவை மட்டும் தினமும் காலையில் பள்ளிக்குக் கிளப்பும் முன் குந்தி எழச் சொல்லிக் கேட்கிறாராம். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்திருக்கிறது. கேட்டால் போதாது, எக்கோ ஸ்கேன் எடுத்துப் படத்தில் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்குத் தெரியாதா என்ன. தனக்கு இருந்தால் பாப்பாவுக்கும் இருக்கலாம் என்ற கணக்கின் வாசலிலேயே, உள்ளே போகப் பயந்து, அவர் நின்றுகொண்டிருந்தார். 

"தம்பி பின்னாடியே நிக்கறான்டி. ஒவ்வொருத்தர் நெஞ்சுலயும் வைக்கும்போது, இதுவான்னு கேக்கறான். நீ மட்டும் என் நெஞ்சுல வெச்சுராத."

சரி, வைக்க மாட்டேன் என்று தலையாட்டினேன்.

இறுதி ப்ராக்டிகலுக்கு வேறு கல்லூரியிலிருந்து ஒரு மேடம் எக்ஸ்டர்னல் எக்ஸாமினராக வந்திருந்தார். இதயம் சோதிக்கும் மேசைக்கு நானும் அக்காவும் ஒன்றாகப் போனோம். அக்கா என்னைச் சோதித்தார். குரல் பிசிறில்லை. மேடம் ஒரு வரிகூடக் குறுக்கிடவில்லை. நான் சட்டையைச் சரிசெய்து இறங்கியதும், "சரி, இப்ப நீங்க படுங்க, இவங்க பார்க்கட்டும்" என்றார் அக்காவிடம்.

நான் பொம்மையில் செய்துகாட்டுகிறேன் என்று முந்திக்கொண்டேன். பொம்மை எனக்குப் பதில் சொல்லாது என்றார் மேடம். அக்கா ஏறிப் படுத்தார். மேலே மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினேன். வைத்தேன். லப், டப். லப், டப். சுத்தமாக இருந்தது. இடது பக்கம் நகர்த்தினேன், கீழே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல மூச்சு விட்டு, சட்டைப் பொத்தானைப் போடக் கையைக் கொண்டுபோனார்.

"அப்போ?" என்றார் மேடம், பேனாவைத் தயாராகப் பிடித்தபடி.

நார்மல் என்ற சொல் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. சொன்னால் மதிப்பெண். கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படும். ஆனால் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று எனக்கு உறைத்தது. இதே போல ஒரு பையன் படுத்திருக்க, இதே போல ஒருவர் பக்கத்தில் நின்று, இந்தச் சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். வரிசை நீளமாக இருந்திருக்கும். அவ்வளவுதான்.

"அக்கா, ஒரு தடவை குந்தி எந்திரிங்க."

அக்கா என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் சொல்லவில்லை. இறங்கி, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினார். நானும் கூடவே குனிந்து வைத்தேன். லப், டப் மட்டும். பிறகு அவர் எழுந்தார். இரண்டு துடிப்பு சும்மா போனது. அடுத்ததில், லப்புக்கும் டப்புக்கும் நடுவே, பூட்டிய அறைக்குள் யாரோ கனமான சாக்கைத் தரையில் இழுப்பது போல ஓர் ஓசை தொடங்கியது. ஒவ்வொரு துடிப்பிலும் பெரிதானது.

கேட்டதைச் சொல்லுங்கள் என்றார் மேடம். நான் ஸ்டெதஸ்கோப்பை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"எந்திரிச்சதும் கூடுது," என்றார் அக்கா, என் முகத்தைப் பார்த்தபடி, தேர்வில் பதில் சொல்லும் அதே குரலில். "அப்படித்தானே?"

ஆமாம் என்றேன். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு என் ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக்கொண்டார். அக்காவை மறுபடி குந்தி எழச் சொல்லி, வெகு நேரம் கேட்டார். பிறகு அவர் தோளில் கை வைத்து, அன்றைக்கே எக்கோவுக்கு அனுப்பினார்.

சுவர் தடித்திருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார்கள். அக்கா தேர்ச்சி பெற்றார், நானும் பெற்றேன். அவர் என்னிடம் பேசவில்லை. அழைத்தால் எடுப்பதில்லை. நான் செய்தது சரியா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வந்தது. ஒரு பதிலும் அடுத்த நாள் காலை வரை தாக்குப்பிடிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவரே அழைத்தார். "பாப்பாவுக்கு எக்கோ போட்டிருக்கு. வீட்டுக்காரர் வண்டி எடுத்துட்டு வெளியூர் போயிட்டாரு. என்னால உள்ள போக முடியாது. நீ வர்றியா?"

போனேன். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். அறை இருட்டாக இருந்தது. ஜெல் குளிர்ந்தது என்று குழந்தை சிரித்தது, பிறகு திரையைப் பார்த்து அமைதியாகிவிட்டது. சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடியது, திறந்து மூடியது. டாக்டர் அளந்தார், மறுபடி அளந்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் வளர வளர வரக்கூடியது, வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து அதை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அக்கா குழந்தையை இழுத்து மடியில் வைத்து, கழுத்தில் ஒட்டியிருந்த ஜெல்லைத் தன் முந்தானையால் துடைத்தார்.

"இப்போதைக்கா?" என்றார்.

"இப்போதைக்கு."

குழந்தை அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பியது. "அம்மா, உள்ள ஒரு வாய் இருக்கு. திறந்து திறந்து மூடுது. யாரோ பேசற மாதிரி."

"என்ன பேசுச்சு?"

"தெரியல. சத்தமே வரல."

அக்கா சிரித்தார். பிறகு, குழந்தை நெளியும்வரை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.