வாசல் நிலையில் இரண்டு வெட்டு

ரங்கூனில் எங்கள் குடைக் கடைக்கு மேலேதான் வீடு. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருஷங்கள் கழித்து ஒரு வெள்ளைக்கார அம்மா அனுமதி கேட்டுப் படியேறி வந்தார். உட்காரவில்லை. வாசல் நிலையை விரலால் தடவிக்கொண்டே குனிந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

“என்ன தேடுறாங்க?” என்று கூட வந்த தமிழ் வழிகாட்டியிடம் கேட்டேன். ரங்கூனிலேயே தாமுவே பேட்டைக்காரர்.

“இவங்க யூதருங்க, பாய். இவங்க அம்மா பொறந்த வீடு இதுதானாம்.”

வீட்டைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. “அந்த வீடு சண்டையில குண்டு விழுந்து போச்சு. இது பிறகு கட்டுனதுன்னு சொல்லுங்க.”

அந்தம்மாவின் கை நிலையிலேயே நின்றது. மெதுவாக ஏதோ சொன்னார். வழிகாட்டி தமிழில் சொன்னார்:

“ஜப்பான்காரன் வந்தப்ப அம்மாவுக்கு எட்டு வயசு, தம்பிக்கு நாலு. கெளம்புற அன்னிக்கு அவங்கப்பா ரெண்டு பேரையும் நிலையில நிக்க வச்சு, உயரத்துக்கு வெட்டுப் போட்டாராம். திரும்பி வந்து அளக்கலாம்னு. இந்தியாவுக்கு நடந்து போற வழியில அந்தப் புள்ள காய்ச்சல்ல போயிருச்சாம். படமும் இல்ல, அடக்கம் பண்ணுன கபரும் இல்ல. அந்த வெட்டைத் தொட்டுட்டு வான்னு அம்மா அனுப்பியிருக்காங்க.”

அந்த இரண்டு வெட்டுகளையும் எனக்குத் தெரியும். பெயிண்ட் அடிக்கும்போது மக்கு வைத்து அடைத்தவனே நான்தான். இதைக் கேட்ட பிறகாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்று மாலையே கத்தியால் மக்கைச் சுரண்டி எடுத்தேன். கீழே இருந்த வெட்டு என் இடுப்பளவுதான்.

இப்போதும் பெயிண்ட் அடிக்க வருபவரிடம் அந்த வெட்டுகள் உள்ள ஒரு முழ இடத்தை விட்டுவிடச் சொல்கிறேன். வீட்டைக் கேட்டு இன்றுவரை ஒருவரும் வரவில்லை.