அம்மாவின் வெள்ளையணுக்கள்

தேயிலை விலை விழுந்திருந்த வருடங்கள் அவை. குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் வேலை வாரத்தில் பாதி நாள்தான் கிடைத்தது. பிறகு பேக்டரியையே பூட்டிவிட்டார்கள். தொழிலாளர்கள் வசித்த லயன் வீடுகளிலிருந்து ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனது. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் முடிவாகிவிட்டது.

நான் அப்போது குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட மாணவி. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. அம்மாவுக்கும் பெருமைதான். ஆனால் "உங்க புள்ள அங்க என்னங்க பண்ணுது?" என்று யாராவது கேட்டால், "ரத்தம் பாக்குதுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். நான் நர்ஸ் என்றே லயனில் பலரும் நினைத்திருந்தார்கள். மலையிறங்கும் முன் ஒருமுறையாவது என் வேலையை அவள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வேலை இதுதான். நம் வெள்ளையணுக்களில் டி-செல் என்று ஒரு வகை உண்டு. கிருமி வராதவரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேலுள்ள ஒரே ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் மோனோகுளோனல் ஆன்டிபாடியைப் பிளாஸ்டிக் தட்டின் அடியில் பூசி வைப்போம். டி-செல் அதன்மேல் படிந்ததும், கிருமி வந்துவிட்டதென்று விழித்துக்கொள்ளும். பருக்கும், கொத்தாகக் கூடும், பிரிந்து பெருகும். ஒளிரும் சாயம் ஏற்றிய வேறு ஆன்டிபாடிகளை விட்டு, எவை விழித்தன என்று எண்ணுவேன். இதற்கு நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டும். கேட்டதும் அம்மா சரி என்றாள். வெள்ளிக்கிழமை வந்தாள்.

"பயமா இருக்காக்கா?" என்றார் நர்ஸ்.

"அட்டை குடிக்காத ரத்தமாங்க? எடுங்க."

என் பக்கம் திரும்பினாள். "ஏம்புள்ள, இத வெச்சு என்ன பண்ணுவ?"

"வளப்பேன்மா."

"சரியாப் போச்சு. பெத்தவள வளக்குற மக!"

ரத்தத்தை ஒரு திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி எந்திரத்தில் சுழற்றினால், நடுவில் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். அதில்தான் டி-செல்கள் இருக்கும். வெயில் காலத்தில் பழகிய வேலை. இப்போது மார்கழி. செய்முறைக் குறிப்பில் சொன்னபடி எல்லாவற்றையும் அறை வெப்பநிலையில், சன்னலோர மேசைமேல் வைத்துத்தான் செய்தேன். படலம் கலங்கிச் சிவந்து வந்தது. அப்படியே தட்டில் இட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ்ஸுக்கு முன், அம்மா பையோடு வந்தாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கடுகு கொட்டுன மாரி இருக்குது. இதுதானா?"

"இல்லம்மா, கொத்துக் கொத்தா இருக்கணும். எதுவுமே எந்திரிக்கல."

"ஞாயித்துக்கெழமைன்னு லீவு போட்டிருச்சோ என்னமோ."

என்னால் சிரிக்க முடியவில்லை. "ரெண்டு நாள் கழிச்சுப் போயேம்மா."

"உங்கப்பா பஸ் ஸ்டேண்டுல வந்து நிப்பாருல்ல? கம்பெனில நாளைக்கே வரச் சொல்லியிருக்காங்க கண்ணு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினாள். "வேணும்னா இன்னுங் கொஞ்சம் எடுத்துக்க."

நர்ஸ் எடுத்துக் கொடுத்தார். அம்மா பர்லியார் வழி இறங்கும் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

நான் அம்மாவின் ரத்தம் இருந்த குழாயோடு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது, என்னுடன் ஆய்வு செய்யும் மதுரைப் பெண் ஹீட்டர் முன் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். குளிர் காலம் முழுக்க இரண்டு ஸ்வெட்டர் போடுவாள். நான் கேலி செய்வேன். அன்று அவள் முறை.

"இதுக்குப் பேரு ரூம் டெம்பரேச்சராடி? எங்கூர்ல இதுக்குப் பேரு ஃபிரிட்ஜு."

அப்படியே நின்றுவிட்டேன். குறிப்பு எழுதியவரின் அறை வேறு. இங்குள்ள குளிரில் அந்தத் திரவத்தின் அடர்த்தி கூடிவிடும். கீழே இறங்க வேண்டிய சிவப்பணுக்கள் இறங்காமல் படலத்தில் கலந்து, டி-செல்களைத் தட்டில் படியவிடாது. வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். இந்தக் குளிரிலேயே பிறந்த எனக்கு அது குளிராகவே படவில்லை.

ஹீட்டரை என் மேசைக்கு இழுத்து வந்தேன். "அடியே, நான் செத்துருவேன்" என்று கத்தினாள். திரவத்தை இளஞ்சூட்டில் வைத்து எடுத்தேன். இந்த முறை படலம் பால் ஏடு போல நின்றது.

செவ்வாய்க்கிழமை பார்த்தேன். தட்டு முழுக்கத் திராட்சைக் குலைகள். ஒவ்வொன்றும் அம்மா.

மதுரைக்காரியை அழைத்துக் காட்டினேன். "உங்கம்மா முழிச்சுட்டாங்கடி" என்றாள். அதைக் கேட்க வேண்டியவள் அந்நேரம் ஏதோ ஒரு தையல் மெஷின் பக்கத்தில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

சோதனைக்கு வேண்டியதை எடுத்துச் சாயமேற்றி எண்ணினேன். முடிவு நன்றாகவே வந்தது. மீதியை அன்றே பிளீச் ஊற்றிக் கொட்டியிருக்க வேண்டும். தட்டிலுள்ள சிறு குழிகளில் ஒரு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டேன். யாரும் கேட்காத வேலை. தினமும் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஊட்டத் திரவத்தை மாற்றுவேன். கொத்துகள் பெரிதாயின, அப்புறம் மெல்லத் தளர்ந்து உதிரத் தொடங்கின. அவ்வளவு நாள்தான் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

செல் வளர்க்கும் இன்குபேட்டரில் வேறொருவருக்கு இடம் தேவைப்பட்ட காலையில் தட்டை வெளியே எடுத்தேன். பிளீச் ஊற்றுமுன், கலையாமல் மிஞ்சியிருந்த ஒரு கொத்தைப் படம் எடுத்தேன். அனுப்ப முகவரி இல்லை. திருப்பூரில் அவர்கள் இன்னும் வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.