உள்ளே வைத்த பொட்டு

ஒரகடம் கூட்டுரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஏழு மாதம் பார்த்த காவலாளி வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு அவ்வப்போது கால் அரிக்கும், அவ்வளவுதான். சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தால், சாலையோரம் ஒரு குட்டியானை வண்டியில் பழைய கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடைக்குப் போகிற சரக்கு. அதில் ஒரு பெட்டியின் நெற்றியில் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும். ஏதோ ஓர் ஆயுத பூஜைக்கு வைத்தது. வெயிலில் சூடேறிய தூசி வாசனையும் சேர்ந்துகொண்டது. சூடான தூசியும் சந்தனமும் கலந்தால் எனக்கு அது பிள்ளைப்பாக்கம்தான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் என்னைக் கைவிட்டன. நானும் அவற்றைத் தேடிப் போகவில்லை. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பெட்டி தூக்கப் போய், பத்து மாதம் மேஜைக்குப் பக்கத்தில் நின்றதில் ஒட்டிக்கொண்ட வித்தை. பிறகு கான்ட்ராக்ட் ஆளாக ஒரகடத்துக்கு வந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அறையில் ஆறு பேர், மூன்று பாய். மூன்று பேர் வேலையில் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் வாங்கிய பாய்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருப்பார்கள். அதனாலேயே ஞாயிறுகளில் திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன்.

அப்போது சுற்றுப்பக்க ஊர்களில் ஆபீஸ்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி வீட்டில் வைத்திருப்பார்கள். பழைய புடவையில் உறை தைத்துப் போட்டிருப்பார்கள். நோய் பெரும்பாலும் ஒன்றுதான். பொத்தானை அழுத்தினால் காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், உள்ளிருந்து நீளமாக மூன்று பீப். மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற ஓரத்தைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி வீடுகளில் உயிர் வந்துவிடும். ரப்பரைப் பார்த்தால் வீட்டுக்காரர்களுக்கு என்மேல் இருக்கும் மரியாதை போய்விடும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு தேய்ப்பேன். ஒரு வீட்டில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மூன்று ஞாயிறு அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். கடைசியில் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மணிக்கு மோட்டார் போடுகிறார்.

பிள்ளைப்பாக்கத்து அமுதா அக்கா வீட்டுக்குப் போனதும் அப்படித்தான், ஒருவர் சொல்லி ஒருவர். அக்கா கூடத்தில் உட்கார்ந்து பயோடேட்டா அடித்துக் கொடுப்பவர். சுற்று வட்டாரத்தில் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் பையன்கள் முதலில் அக்கா வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்த முறை புதிதாகத் திறக்கும் ஒரு தொழிற்சாலைக்கு மறுநாள் காலை ஆள் எடுப்பு. நாற்பத்து மூன்று பேர். எல்லாம் அடித்தாகிவிட்டது, காகிதத்தில் எடுப்பதுதான் பாக்கி. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பயோடேட்டா கையில் இல்லாதவனை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே கோயில் மாதிரி இருந்தது. காற்றாடியின் நடுவில் சந்தனம், மெமரி அட்டையின் தலையில் சந்தனம், ஹார்ட் டிஸ்கின்மேல் அழகாக மூன்று விரல் பட்டை, ஒவ்வொன்றுக்கும் குங்குமம். நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கணவர் குமரவேல் அண்ணன், ஒரகடத்தில் பிரஸ் ஆபரேட்டர், கதவருகே நின்றிருந்தார். கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எந்த மிஷினையும் துடைத்து, காற்றடித்து, பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். வீட்டு மிஷினுக்கும் அதையே முறையாகச் செய்திருக்கிறார். பைக் டேங்க்மேல் பெட்டியை வைத்து, அத்தனை வேகத்தடையும் ஏறி இறங்கி, பஞ்சர் கடையில் காற்றடித்துக் கொண்டுவந்து, பிறகு பொட்டு.

"வெளில கீற டப்பாவுக்கு பொட்டு வச்சி இன்னா பிரயோஜனம்? வேல செய்றது உள்ளதான கீது" என்றார்.



பஞ்சால் துடைத்து, தூரிகையால் தட்டி, ரப்பரால் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் திரை வந்துவிட்டது. அக்கா கும்பிட்டார். அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லை, பைல்களை உடனே என் பென் டிரைவில் நகல் எடுத்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கிலிருந்து மெல்லிய டிக், டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வேகத்தடைகள் செய்த வேலை. ஆனால் கும்பிட்டுவிட்டார்களே. "முழுசா ஒரு தடவ செக் பண்ணிடலாங்கா" என்று டிஸ்கைச் சோதிக்கும் வேலையை ஓடவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவனை ஓடச் சொன்னது மாதிரி. இருபது நிமிடத்தில் டிக் டிக் கரகரவென்று மாறியது. பதறி நிறுத்தி, நகல் எடுக்க ஆரம்பித்தேன். பைல்கள் ஆங்கில எழுத்து வரிசையில் போயின. அருள் வந்தான், கார்த்திக் வந்தான், முருகன் வந்தான். அதோடு பைல்கள் இருந்த பகுதியே திரையிலிருந்து மறைந்துவிட்டது.

அக்கா சமையலறையில் இருந்தார். "டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். டீ குடிக்கப் போகிறவன் பையை ஏன் எடுக்கிறான் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒன்று கெட்டுப்போனால் அங்கிருந்து கிளம்பிவிடுவதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த ரிப்பேர். ஓட்டலில் அப்படி, லாரியில் அப்படி, சென்னைக் கடையிலும் அப்படித்தான்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒருவன் சைக்கிளில் எதிரே வந்தான். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் ஸ்டுடியோ உறை.

"அக்கா வூட்ல கீறாங்களாண்ணா? போட்டோ ஒட்டணும்னாங்க."

பெயர் என்ன என்று கேட்டேன். சரவணன் என்றான். ஆங்கிலத்தில் எஸ். போனதில் ஒன்று. பழைய கம்பெனியில் ஆள் குறைத்ததில் எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறானாம். நாளைக்கு எப்படியும் கிடைத்துவிடும் என்றான். உறையிலிருந்து எடுத்துக் காட்டிய போட்டோவில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். நான் அவனோடு திரும்பி நடந்தேன்.

நடந்ததைச் சொன்னதும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். குமரவேல் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பொட்டு வைத்தவர் என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு. சோதித்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"எதெது போச்சுனு சொல்லு. திட்றத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அக்கா.

"எம்முக்கு அப்பறம் எல்லாம்."

"எஸ்ஸு பூராவா? ஊர்ல பாதிப் பேரு எஸ்ஸுதானேடா. சங்கர், செல்வம், சதீஷு, சுரேஷே மூணு பேரு."

இருபத்தாறு பேர். அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார். சாயங்காலத்துக்குள் வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. சிலர் வயலிலிருந்து காலில் சேற்றோடு, சிலர் ஷிப்ட் முடிந்து அடையாள அட்டையோடு. நான் சர்டிபிகேட்டை வாங்கி மார்க்கையும் வருடத்தையும் சத்தமாகப் படிப்பேன், அக்கா அடிப்பார். பெயில் ஆன பாடத்தை நான் மெதுவாகப் படித்தால், "சத்தமா படி, இங்க யார் கலெக்டரு" என்பார். மூன்றாவது சுரேஷ் பொழுதுபோக்கு என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டான். போன தடவை என்ன போட்டோம் என்று அக்கா கேட்டார். அவனுக்கும் ஞாபகம் இல்லை. "இவன் தூங்குறதுதாங்கா" என்றான் இரண்டாவது சுரேஷ். கிரிக்கெட் என்று போட்டார். டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவனுடையதையும் அடித்த கையோடு காகிதத்தில் எடுத்தோம். எதையும் அதற்குள் நம்பி வைக்கவில்லை. ஊர் அடங்கும் நேரத்தில் கடைசியாக வேலு. அவன் தாளை எடுத்து முடித்ததும் கரகரப்பு நின்றது. பிறகு அந்த டிஸ்க் சுழலவே இல்லை.

அக்கா அப்புறமும் திட்டவில்லை. மிஷின் இல்லாமல் நாளையிலிருந்து எப்படி என்று அண்ணனிடம் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

இப்போது யாரும் பயோடேட்டா அடிப்பதில்லை. கம்பெனி வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் படம் பிடித்தால் விண்ணப்பம் திறக்கிறது, நின்ற இடத்திலேயே விரலால் நிரப்புகிறார்கள். ஏழு மாதம் நானே வாசலில் நின்று பார்த்தேன். யாருக்கும் யாருடைய மார்க்கும் தெரியாது. பக்கத்தில் நிற்பவன் பெயர்கூடத் தெரியாது. புடவை உறை போட்ட மிஷின்களும் இல்லை, வாசலில் செருப்புக் குவிந்த அந்த வீடும் ஆறுவழிச் சாலைக்குப் போய்விட்டது. டிஸ்க் நின்ற அன்று இரவு நானும் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுவதாகத்தான் இருந்தேன். ஏறவில்லை. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கி அக்காவின் மிஷினில் பூட்டும்வரை ஏறக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷிப்ட் சம்பளம் அறைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். அதனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு, என் ஷிப்டுக்கு முன்னால், ஒரகடத்தில் ஒரு டயர் கிடங்கில் லோடு இறக்கப் போனேன். ஏழரைக்கு ஆள் எடுப்புக்குப் போகும் வேன் சாலையில் கடந்தது. ஜன்னலோரம் சரவணன், பழுப்பு உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி. கூப்பிடலாம் என்று பார்த்தேன். தோளில் டயர் இருந்தது, லாரியில் இன்னும் பாதி இருந்தது.