பன்னிரண்டாவது மேசை

பக்கத்து வீட்டில் தேநீர் வந்ததும் புனிதா குடிக்கவில்லை. கண்ணாடிக் குவளையை ஜன்னல் பக்கம் தூக்கி அதன் விளிம்பைப் பார்த்தாள். பச்சை தெரிந்தது. "சாதா கிலாஸ்," என்று சொல்லிவிட்டுத்தான் வாய் வைத்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். போன தீபாவளிக்கு நாத்தனார் ஆசை ஆசையாய் ஒரு கண்ணாடிக் கேக் தட்டைக் காட்டியபோது, "ஐஸ் பெட்டியில இருந்து எடுத்து நேரா ஓவன்ல வச்சிராதே, வெடிச்சிரும்," என்று நல்ல நாளும் அதுவுமாகச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டு வயது. ஈப்போவில் ஒரு தனியார் இடைநிலைப் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். பிள்ளைகளுக்கு 'லேப் அக்கா'. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் தோட்டத்து ஆலையின் சோதனை அறையில், ரப்பர் பாலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உலர வைக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது ஆலையும் போனது, வேலையும் போனது. கண்ணாடியைப் பற்றிய அறிவு மட்டும் அவளோடு ஈப்போவுக்கு வந்தது.

கேட்டால் போதும், பாடமே எடுப்பாள். "எல்லாம் மணலுதான். சாதா கிலாஸ்ல சோடாவும் சுண்ணாம்பும் சேப்பாங்க. சூடு தாங்குறதுல போரோன் சேப்பாங்க. சாதா கிலாஸ் சூட்டுல உப்பும் லா. அடி உப்பும், மேல உப்பாது, ரெண்டும் இழுத்துக்கிட்டுப் பட்டுன்னு போயிரும். போரோன் போட்டது மூணுல ஒரு பங்குதான் உப்பும்." எது எது என்று கண்டுபிடிக்கவும் அவளிடம் வழி உண்டு. மேசைக்கடியில் ஒரு பழைய ஊறுகாய் ஜாடி நிறையச் சமையல் எண்ணெய். அவள் வேலையைத் தின்ற அதே செம்பனையின் எண்ணெய். சூடு தாங்கும் பீக்கரை அதில் அமிழ்த்தினால் கண்ணாடி அநேகமாக மறைந்துபோகும். வெள்ளை அளவுக் கோடுகள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். சாதாக் கண்ணாடி பல்லைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு பள்ளிக்கு வந்த புது பீக்கர் பெட்டியிலும் 'சூடு தாங்கும்' என்றுதான் அச்சிட்டிருந்தது. எண்ணெயில் விட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட மறையவில்லை. அலுவலகத்துக்கு ஓடினாள். குமாஸ்தா சதாசிவம் மரியாதையான மனிதர், சிரித்தார். "பெட்டியிலயே எழுதியிருக்குல்ல அக்கா? எண்ணெயில போட்டுப் பாக்க இது என்ன வடையா? சைன் போடுங்க லா." போட்டாள். அது அவள் செய்த தப்பு.

மூன்றாம் வாரம், இலையில் மாவுச்சத்து பார்க்கும் சோதனை. பிரமிளா என்ற பதினைந்து வயதுப் பெண்ணின் பீக்கர் அடி விட்டது. கொதிநீர் முழுக்க இடது கையில். விசாரணையில் கேட்ட ஒரே கேள்வி, பெட்டியை நல்ல நிலையில் பெற்றதாகக் கையெழுத்துப் போட்டது யார் என்பது. எச்சரிக்கைக் கடிதம் புனிதாவுக்கு வந்தது; சரக்கு அனுப்பிய ஆளுக்கு அடுத்த வருட ஒப்பந்தமும் கிடைத்தது. அதில் அவளுக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் அதைவிடக் கசப்பு வேறொன்று. பிரமிளா இப்போது ஒரு கைத்தொலைபேசிக் கடையில் இருக்கிறாள். கொளுத்தும் வெயிலிலும் நீளக்கைச் சட்டை. பார்க்கும்போதெல்லாம், "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று சிரிக்கிறாள். திட்டினாலாவது தேவலை. புனிதா அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

இந்த ஜனவரியில் அதே ஆளிடமிருந்து மறுபடியும் பெட்டி வந்தது. எண்ணெயில் விட்டாள்; மறையவில்லை. "செத்தாலும் சைன் போட மாட்டேன்," என்றாள். இந்தத் தடவை சதாசிவம் சிரிக்கவில்லை. "உங்க காண்ட்ராக்ட் மார்ச்சோட முடியுது அக்கா. ஞாபகம் இருக்குல்ல?" என்றார், குரலைத் தாழ்த்தி. வீட்டில் சம்பளம் வாங்கும் ஆள் அவள் ஒருத்தி. நான்கு நாள் தாக்குப்பிடித்தாள். ஐந்தாம் நாள் போட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை சறுக்குவதற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று முழுக்கத் தன் வலது கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பழைய நல்ல பீக்கர்களில் மிஞ்சியவை பதினொன்று. நகப்பூச்சால் ஒவ்வொன்றின் விளிம்போரமும் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறாள். ஆய்வுக்கூடத்தில் மேசைகள் பன்னிரண்டு. ஒரு மேசையை மூடிவிடலாமா என்று ஆசிரியையிடம் கேட்டுப் பார்த்தாள். "எல்லாருக்கும் மார்க்கு போடணும் அக்கா. ஒன்னுதானே, நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்குங்க," என்றார் அவர்.

வியாழக்கிழமை அதே மாவுச்சத்துச் சோதனை. பொட்டு வைத்த பதினொன்றையும் வைத்து முடித்துவிட்டு, புதுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பன்னிரண்டாவது மேசையில் வைத்தாள். அங்கே ஷஹீதா என்ற சின்னப் பெண். தீயைக் குறைத்துவிட்டுப் புனிதா அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். மற்ற மேசைகளில் யாரோ கூப்பிட்டார்கள்; போகவில்லை. தண்ணீரில் குமிழ் வரத் தொடங்கியது. இலை நிறம் மாறுகிறதா என்று ஷஹீதா குனிந்தாள். புனிதா வலது கையை நீட்டி, பீக்கருக்கும் அந்தப் பெண்ணின் முகத்துக்கும் நடுவில் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"அக்கா, கை மறைக்குது லா. ஒன்னும் தெரியல."

புனிதா கையை எடுக்கவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இடது கையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.